பிக்கப்பில் பிரேக் விடாமல் பிடிக்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

இரண்டு மாதத்துக்குள் ஒரே சக்கரத்துக்கு இரண்டு முறை கேலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) மாற்றியிருக்கிறேன். மூன்றாவது முறையும் அதே முன் வலது சக்கரம் சூடாகிக் கருகல் வாடை அடித்தபோதுதான், அதற்கு வரும் ரப்பர் ஹோஸின் மேல் சந்தேகம் வந்தது. வெளியே வெடிப்பும் இல்லை, கசிவும் இல்லை. கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் வீங்கி, நடுவில் இருக்க வேண்டிய துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. காலால் அழுத்தும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது. காலை எடுத்த பிறகு திரும்பி வர வழியில்லை. கேலிப்பர் இரண்டுமே நல்லவை.

அதற்குப் பிறகு என் வண்டியிலும் தெரிந்தவர்களின் வண்டிகளிலும் இந்தப் பழுதைப் பலமுறை பார்த்துவிட்டேன். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது ஆயிலின் அழுத்தமா, துருப்பிடித்த இரும்பா? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பாகமும் வாங்காதீர்கள். பதில் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும்.

முன்னால் டிஸ்க் (இருபுறமும் பேட் கவ்வும் வட்டத் தட்டு), பின்னால் டிரம் (உள்ளிருந்து ஷூ விரிந்து உரசும் உருளை), கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் வேக்குவம் பூஸ்டர் என்று இருக்கும் வழக்கமான பிக்கப்பை மனதில் வைத்து எழுதுகிறேன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் முன் சக்கரத்துக்குச் சொல்வது பெரும்பாலும் பின்னுக்கும் பொருந்தும்.

கை வைக்கும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். பின் சக்கரத்தைச் சோதிக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, கியரையும் நியூட்ரலில் போட வேண்டியிருக்கும். அப்போது வண்டியை நிறுத்தி வைப்பது முன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைதான். கட்டை இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டில் பட்டால் அரித்துவிடும். பட்ட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதல் சோதனை: எந்தச் சக்கரம்?

அதிகம் பிரேக் தேவைப்படாத சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் பிரேக் அடித்து நிறுத்தாமல், வேகத்தைத் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்கள். பிரேக் அடித்தால் எல்லாச் சக்கரமும் சூடாகும், வித்தியாசம் மறைந்துவிடும்.

இறங்கி, புறங்கையை ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கொண்டுபோங்கள். தொட வேண்டாம், நெருங்கினாலே தெரியும். தொடாமல் வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் டிஸ்க்கிலும் டிரம்மிலும் குறிவைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னையும் பின்னையும் ஒப்பிடாதீர்கள், முன் சக்கரம் கூடுதலாகச் சூடாவது இயல்பு. இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரே ஆக்சிலில் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அந்தச் சக்கரத்தைக் கழற்றாமல் விடமாட்டேன்.

சூடு எந்த இடத்தில் என்பதையும் கவனியுங்கள். டிஸ்க்கைவிட ஹப்பின் நடுப்பகுதி அதிகமாகக் கொதித்தால் அது பிரேக் இல்லை, பேரிங். சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ, சுற்றும்போது உறுமலோ இருந்தால் முதலில் பேரிங்கைச் சரிசெய்யுங்கள். சமீபத்தில் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து நட்டை இறுக்கியிருந்தால், அளவுக்கு மீறி இறுக்கியதாலும் இப்படிச் சூடாகும்.

இரண்டாவது சோதனை: ஆயிலா, இரும்பா?

சூடான சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். இன்ஜின் ஓடட்டும். உதவிக்கு ஒருவர் பெடலை இரண்டு மூன்று முறை நன்றாக அழுத்திவிட்டுக் காலை எடுக்கட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டிஸ்க்கில் பேட் லேசாக உரசும் சத்தம் வரலாம், அது பழுது இல்லை. கை வலிக்க இழுத்தால்தான் சுற்றுகிறது என்றால் பிரேக் விடவில்லை.

இப்போது நிப்பிளில், அதாவது ஏர் எடுக்கும் (ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும்) திருகில், ஒரு ரப்பர் குழாய் மாட்டி அதன் மறுமுனையைப் பாட்டிலில் விடுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள்.

ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் சட்டென்று விட்டுவிட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஹோஸ், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பெடல் என்ற வரிசையில்தான் பழுது இருக்கும். கேலிப்பரைப் பழி சொல்லாதீர்கள்.

ஆயில் சொட்டாக வந்து சக்கரம் அப்படியே பிடித்திருந்தால், மாட்டியிருப்பது இரும்பு. பேட், கேலிப்பர் நகரும் ஊசியான பின், பேடைத் தள்ளும் பிஸ்டன், டிரம்மாக இருந்தால் ஷூ, ஹேண்ட் பிரேக் கேபிள்.

நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடவோ அழுத்தவோ வேண்டும். துருப்பிடித்த நிப்பிளை அவசரப்பட்டுத் திருகாதீர்கள். துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, ஆறு பக்கமும் பிடிக்கும் ஸ்பேனரால் திறங்கள். தலை மழுங்கினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். முறிந்துபோனால் அந்த இடத்திலேயே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

## அறிகுறி 1: ஒரு முன் சக்கரம் மட்டும் சூடாகிறது

நிப்பிளைத் திறந்தும் விடவில்லை

*பேட் சிக்கியிருக்கிறதா?* கேலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. இப்போது பேடை விரலால் தள்ளுங்கள். நல்ல பேட் விரலுக்கே நகரும். சுத்தியல் தேவைப்பட்டால் காரணம் கண் முன்னால் இருக்கிறது. பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் துரு ஏறி, தகட்டை வெளியே தள்ளி, பேடை நெருக்கியிருக்கும். பிராக்கெட்டைக் கம்பிப் பிரஷ்ஷாலும் அரத்தாலும் துரு போகும்வரை தேய்த்து, புதுத் தகடு போடுங்கள். தகட்டின் மேல் மட்டும் தேய்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவதில் பயனில்லை. புதுப் பேட்களில் காதில் பெயிண்ட் தடித்திருந்தும் சிக்கும். அந்தப் பெயிண்ட்டை மட்டும் தேய்த்து எடுங்கள், இரும்பைக் குறைக்காதீர்கள்.

*கேலிப்பர் பின் நகர்கிறதா?* கேலிப்பர் நகர்வது மேல், கீழ் என இரண்டு பின்களின் மேல். இரண்டையும் கையால் உருவிப் பாருங்கள். ஒரு பின் இறுகினாலும் பேட் சாய்வாகத் தேயும். ஒரு முனையில் 8 மில்லிமீட்டர், மறுமுனையில் 3 என்று இருந்தால் பின்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்பக்கப் பேட் முழுக்கத் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் புதிதாகவே இருந்தாலும் அதே கதை. பின்னைத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் அல்லது செயற்கை கிரீஸைப் பூசுங்கள். சாதாரணக் கிரீஸ் வேண்டவே வேண்டாம். அது ரப்பரை வீங்க வைக்கும், சில மாதத்தில் அதே பின் முன்பைவிட மோசமாக இறுகும்.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, மேல் பின்னையும் கீழ்ப் பின்னையும் மாற்றிப் போடுவது. பல வண்டிகளில் ஒரு பின்னின் முனையில் ரப்பர் உறை இருக்கும், மற்றதில் இருக்காது. கழற்றும்போதே படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, துளை நிறையக் கிரீஸை அடைப்பது. துளையின் மறுமுனை மூடியிருப்பதால் உள்ளே காற்று அடைபட்டு, பின்னை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் மாதிரி வெளியே வரும். அப்படி வந்தால் கிரீஸைக் குறையுங்கள்.

சில பிக்கப்களில் கேலிப்பர் நகரவே நகராது, டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கும். அவற்றில் இந்தப் பின் வேலை கிடையாது. பேட் தொங்கும் ஊசிகளைச் சுத்தம் செய்துவிட்டு நேராகப் பிஸ்டனுக்குப் போங்கள்.

*பிஸ்டன் உள்ளே போகிறதா?* பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து, சி வடிவக் கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். நிப்பிளைத் திறந்து குழாய் மாட்டியபடி செய்யுங்கள், அழுக்கு ஆயில் மேலே ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) பக்கம் போகாமல் வெளியே வரும். நல்ல பிஸ்டன் ஒரே சீராக உள்ளே போகும். கிளாம்ப்பை முழு பலத்தோடு திருக வேண்டியிருந்தாலோ, விட்டு விட்டு நகர்ந்தாலோ துரு ஏறிவிட்டது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட்டைத் தூக்கிப் பாருங்கள். கிழிந்து உள்ளே ஈரமும் துருவும் இருந்தால் உறுதி.

ரிப்பேர் கிட் போட்டுச் சரிசெய்யலாம், பிஸ்டனில் குழி விழாமல் இருந்தால் மட்டும். விரல் நகத்தால் வருடினால் குழி தட்டுப்படும். தட்டுப்பட்டால் கேலிப்பரை மாற்றுவதுதான் சரி. பேட் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துதான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி இழுக்கும்.

டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ, வெப்ப வெடிப்பு தெரிந்தாலோ அதையும் மாற்றுங்கள். குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

நிப்பிளைத் திறந்ததும் விட்டுவிட்டது

ஒரு சக்கரத்தில் மட்டும் அழுத்தம் மாட்டுகிறது என்றால் பத்துக்கு ஒன்பது முறை ஹோஸ். உறுதிசெய்ய, திரும்பவும் பெடலை அழுத்தி விட்டு, பிரேக்கைப் பிடிக்க வையுங்கள். இந்த முறை நிப்பிளைத் தொடாமல், இரும்புக் குழாய் ஹோஸோடு சேரும் இடத்தில் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லையா? அதன் பிறகு நிப்பிளைத் திறந்தால் விடுகிறதா? அப்படியானால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே, ஹோஸுக்குள்தான். நட்டைத் தளர்த்தியதுமே விட்டால் ஹோஸ் நல்லது, பழுது மேலே இருக்கிறது. அறிகுறி 2-க்குப் போங்கள்.

ஹோஸைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையையும் பாருங்கள். பட்டைக்குள் துரு தடித்து ஹோஸை வெளியிலிருந்து நசுக்கியிருக்கும். இதைக் கண்ணால் பார்த்தால் தெரியாது, பட்டையின் வாயைச் சற்று விரித்தால்தான் தெரியும். ஹோஸை மாற்றுவதாக இருந்தால் இடதும் வலதும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரே வயதுள்ள ரப்பர், அடுத்ததும் அதிக நாள் தாங்காது. மாற்றும்போது முறுக்கில்லாமல் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி டயரில் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, ஏர் எடுங்கள்.

இரும்புக் குழாயின் நட்டு துருவில் ஒட்டிக் குழாயும் சேர்ந்து முறுக ஆரம்பித்தால் நிறுத்துங்கள். குழாய் வெட்டி வாய் விரித்துப் புதிதாகப் போடுவது அதற்கான கருவியும் கைப்பழக்கமும் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி 2: இரண்டு முன் சக்கரமும், அல்லது நான்கும் பிடிக்கின்றன

கிளம்பும்போது நன்றாக இருக்கும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனதும் பெடல் உயர்ந்து கல் மாதிரி ஆகும், வண்டி சேற்றில் போவது போல இழுக்க முடியாமல் திணறும். நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி சரியாகிவிடும். இந்த வகையில் சக்கரத்தைக் கழற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். எல்லாச் சக்கரத்துக்கும் பொதுவான இடத்தில்தான் பழுது.

*பெடல் முழுக்கத் திரும்புகிறதா?* கால் வைக்காமல் பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் பெடல் மேலே வரவில்லை. மிதியடி மடங்கி அடியில் சிக்கியிருக்கலாம், பெடலின் அச்சு காய்ந்து இறுகியிருக்கலாம். விளக்கு எரியாவிட்டாலும், பிரேக் விளக்கு சுவிட்ச் அளவுக்கு மீறி உள்ளே திருகப்பட்டுப் பெடலைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அடுத்து, இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை அழுத்தி வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, விரலால் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் சில மில்லிமீட்டர் பிளே இருக்க வேண்டும். துளியும் இல்லையென்றால் பெடலைப் பூஸ்டரோடு இணைக்கும் ராடோ சுவிட்சோ தவறான இடத்தில் இருக்கிறது.

*பூஸ்டர் தானாக அழுத்துகிறதா?* முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜின் ஓடும்போது இறுகிப் பிடித்திருப்பதை உறுதிசெய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி, நான்கைந்து முறை பெடலை அழுத்தி விடுங்கள். இப்போது சக்கரம் எளிதாகச் சுற்றினால் பூஸ்டருக்குள் வால்வு மாட்டிக்கொள்கிறது. பூஸ்டரை மாற்ற வேண்டியதுதான்.

*ராட் நீளமாக இருக்கிறதா?* பூஸ்டரோ மாஸ்டர் சிலிண்டரோ மாற்றிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிரேக் பிடித்திருக்கும்போது, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு சேர்க்கும் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை மூன்று நான்கு மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். சக்கரங்கள் விட்டால், பூஸ்டரின் ராட் பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியபடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கும். ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், கண்ணளவில் செய்யும் வேலை இல்லை. நட்டுகளின் அடியில் வாஷர் போட்டு மாஸ்டர் சிலிண்டரை நிரந்தரமாகத் தள்ளி வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், சிலிண்டர் சரியாக உட்காராமல் வேக்குவம் கசியும்.

*அந்தத் துளை அடைத்திருக்கிறதா?* கண்ணாடி அணிந்து, டப்பாவின் மூடியைத் திறந்து, உதவியாளரைப் பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தத் தொடங்கும் கணத்தில் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சின்னச் சுழி, அல்லது குமிழ் எழும். எழவில்லை, சிலிண்டரை முன்னே இழுத்தும் சக்கரம் விடவில்லை, ஆனால் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயின் நட்டைத் தளர்த்தினால் விடுகிறது என்றால், துளை உள்ளேயே அடைபட்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில், சிலிண்டர் பக்கம் விடாமல் ஏபிஎஸ் பெட்டிக்குப் பின்னால் தளர்த்தினால் மட்டும் விடுகிறது என்றால் பழுது அந்தப் பெட்டிக்குள். அங்கே நம் வேலை முடிந்தது, ஸ்கேன் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

*தவறான ஆயில் ஊற்றப்பட்டதா?* பிரேக் ஆயில் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது எண்ணெய் இல்லை. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைகால் வகைத் திரவங்கள். பெயரில் ஆயில் இருப்பதால் அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றிவிடுகிறார்கள். சிஸ்டத்தில் உள்ள ரப்பர் எல்லாம் உப்பிவிடும். டப்பா மூடிக்குள் இருக்கும் ரப்பர் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூடிக்குள் திரும்ப உட்கார மறுத்து, அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்து கிடந்தால் வேறு சோதனையே வேண்டாம். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், ஹோஸ், ரப்பர் இருக்கும் எல்லாப் பாகங்களையும் மாற்றி, இரும்புக் குழாய்களைக் கழுவ வேண்டும். செலவு அதிகம், அரைகுறையாகச் செய்தால் ஆபத்தும் அதிகம். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.

## அறிகுறி 3: பின் சக்கரம் பிடிக்கிறது

பிக்கப்பின் பின் டிரம்முக்குச் சேறு, தண்ணீர், பாரம் மூன்றும் சேர்ந்து வரும். காரைவிட இங்கேதான் தொல்லை அதிகம்.

*ஹேண்ட் பிரேக் கேபிள்.* லிவரை முழுக்க இறக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் கேபிளின் சரிசெய்யும் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டதா? கேபிள் அதிகம் இறுக்கப்பட்டிருக்கிறது. விடவில்லை, ஆனால் டிரம் அருகே கேபிளைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் விடுகிறதா? உறைக்குள் துரு. ஆயில் விட்டு ஓட்டலாம் என்று பார்க்காதீர்கள், சில நாளில் மறுபடி மாட்டும், கேபிளையே மாற்றுங்கள். முழு லோடு ஏற்றியபோது மட்டும் பிடித்தால், ஆக்சில் நிலை மாறும்போது கேபிள் எங்காவது விறைக்கிறதா என்று லோடோடு ஒருமுறை அடியில் பாருங்கள்.

ஹேண்ட் பிரேக் சரியாக நிற்கவில்லை என்று கேபிளை மட்டும் இறுக்குவதுதான் இந்தப் பழுதின் பெரிய மூலம். முதலில் டிரம்முக்குள் ஷூவின் அட்ஜஸ்டரைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகுதான் கேபிள். வரிசையை மாற்றினால் உள்ளே இருக்கும் லிவர் தன் இடத்துக்குத் திரும்பாது, தானாகச் சரியாகும் அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

*அட்ஜஸ்டரும் ஸ்பிரிங்கும்.* கேபிளைத் தளர்த்தியும் விடவில்லையென்றால், டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டின் (பின் தட்டு) ரப்பர் மூடியைத் திறந்து, அட்ஜஸ்டரின் நட்சத்திரச் சக்கரத்தை ஷூ உள்வாங்கும் திசையில் சில பல் திருப்பி டிரம்மைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கத்தை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர். மாறிவிட்டால் விரிவதற்குப் பதில் சுருங்கும்.

உள்ளே பார்க்க வேண்டியவை: ஸ்பிரிங் சூட்டில் நிறம் மாறியோ, சுருள்களுக்கு நடுவே இடைவெளி விட்டோ இருந்தால் அதன் பலம் போய்விட்டது. ஷூ நகரும் பின் தட்டின் மேடுகளில் விரலை வைத்துப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷூவின் விளிம்பு அதில் மாட்டிக்கொண்டு திரும்பாது. சிறிய பள்ளத்தைத் தேய்த்துச் சமமாக்கி, துளி பிரேக் கிரீஸ் வைத்தால் போதும். வீல் சிலிண்டரின் ரப்பரைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் கசிவு, காய்ந்த துரு என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் மாற்றுவதுதான் வழி.

*ஷூவில் ஆயில்.* ஷூ கறுத்து, கையில் பிசுபிசுப்பாகக் கியர் ஆயில் வாடை அடித்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. இது கவ்விப் பிடிக்கவும் செய்யும், வழுக்கவும் செய்யும். சீலை மாற்றும் முன் ஆக்சிலின் மேல் இருக்கும் மூச்சுவிடும் குழாயை, பிரீதரை, பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூடாகும் காற்று வெளியேற முடியாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அதைத் திறக்காமல் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். ஆயில் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீட்க முடியாது. இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆக்சில் பேரிங்கும் போயிருந்தால் பிரஸ் இயந்திரம் தேவைப்படும், பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

லோடு இல்லாதபோது பின் சக்கரம் சட்டென்று லாக் ஆகி வழுக்கினால் அது வேறு பழுது. சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு ஒரு வால்வு இருக்கும், லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். கம்பி துருவில் இறுகிவிட்டதா, பின்னால் ஸ்பிரிங் சேர்த்த பிறகு சரிசெய்யாமல் விட்டார்களா என்று பாருங்கள். அளவு வைப்பதற்குப் பிரஷர் மீட்டர் வேண்டும், அதை மெக்கானிக் செய்யட்டும்.

## அறிகுறி 4: பிரேக் அழுத்தும்போது மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கேதான் பலரும் தவறான பக்கத்தைப் பிரிக்கிறார்கள். வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று பொருள். வேலை செய்யாதது வலது. எனவே இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை முதலில் பாருங்கள்.

முதலில் டயர் காற்றழுத்தம். இடது, வலது சமமா? இதைத் தாண்டாமல் எதையும் கழற்றாதீர்கள். பிறகு காலியான இடத்தில் ஏழெட்டு முறை பிரேக் அடித்து, இரண்டு முன் டிஸ்க்கின் சூட்டையும் அளந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும் பக்கம்தான் சோம்பேறி. அங்கே கேலிப்பர் பின் இறுகியிருக்கும், பிஸ்டன் நகராமல் இருக்கும், பேட் பளபளவென்று கண்ணாடி பாய்ந்திருக்கும், அல்லது கிரீஸ் பட்டிருக்கும். அருகில் ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கிறதா என்றும் பாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் காற்று இருக்கலாம், ஏர் எடுங்கள்.

இன்னொரு அடையாளம் மிகத் துல்லியமானது. அழுத்திய உடனே ஒரு பக்கம் இழுத்து, காலை எடுத்த பிறகு சில விநாடி எதிர்ப்பக்கம் இழுத்தால், ஹோஸ் அடைத்திருக்கிறது. இரண்டாவதாக எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்து ஹோஸ். ஆயில் உள்ளே போகவும் தாமதம், வெளியே வரவும் தாமதம்.

இரண்டு பக்கச் சூடும் சமமாக இருந்தும் இழுத்தால், பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான கீழ் ஆர்ம் புஷ், டை ராட் எண்ட், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பிரேக் அடிக்கும்போது தேய்ந்த புஷ்ஷில் சக்கரமே பின்னால் நகரும், ஸ்டியரிங் தானாகத் திரும்பியதைப் போல இருக்கும். ஒரு கடப்பாரையால் நெம்பினால் ஆட்டம் தெரியும்.

## அறிகுறி 5: பிரேக்கைத் தொடாமலே இழுக்கிறது

சக்கரம் சூடாகிறதா? ஆம் என்றால் இழுக்கும் பக்கத்துப் பிரேக்தான் பிடித்திருக்கிறது. அறிகுறி 1 அல்லது 3. சூடாகவில்லை என்றால் பிரேக் குற்றவாளி இல்லை. சாலையின் சரிவாக இருக்கலாம், வேறொரு சாலையில் ஓட்டிப் பாருங்கள். முன் டயர்களை இடம் வலமாக மாற்றுங்கள், ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டிய டயராக இல்லாவிட்டால். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். மாறாவிட்டால் அலைன்மென்ட். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் நடு போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருந்தாலும் வண்டி சாய்வாக ஓடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: நிறுத்தி வைத்த வண்டி காலையில் நகர மறுக்கிறது

மழையிலோ கழுவிய பிறகோ ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் ஷூ டிரம்மில் துருவால் ஒட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிய்த்து இழுக்காதீர்கள், லைனிங்கே பெயர்ந்து வரலாம். டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் விடும். நீண்ட மலை இறக்கத்துக்குப் பிறகு கொதிக்கும் டிரம்மோடு ஹேண்ட் பிரேக் போட்டாலும், ஆறும்போது டிரம் சுருங்கி இறுகும். சமதளத்தில் கியரில் போட்டுக் கட்டை வைப்பது நல்லது.

## வழியில் புகை வந்தால்

பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் டிஸ்க் வெடிக்கலாம். சூடான டயருக்கு நேர் பக்கத்தில் நிற்காதீர்கள். புகை நெருப்பானால் பொடி வகைத் தீயணைப்பானை எடுங்கள். ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடல் தரைவரை போனால் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டிருக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும்; ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 ஆகிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. பிரேக் பிடித்து ஓடும் சக்கரத்தில் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். அப்படியான வண்டியைக் கட்டி இழுத்துக்கூடப் போகாதீர்கள், அதற்கும் பிரேக் வேண்டும். தூக்கிக்கொண்டு போகும் வண்டியை அழையுங்கள்.

## வேலை முடிந்த பிறகு

பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால், சாவியைப் போட்டு நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். முதல் அழுத்தம் நேராகக் கீழே போகும். அதை வண்டி நகரும்போது கண்டுபிடிக்கக் கூடாது. ஆயில் மட்டத்தைப் பாருங்கள். எந்தக் குழாயைத் திறந்திருந்தாலும் ஏர் எடுங்கள், நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடேறிய ஆயிலை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. மற்றபடி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கேலிப்பர் போல்ட்டையும் வீல் நட்டையும் வண்டிக் கையேட்டில் உள்ள டார்க்கில், அதாவது இறுக்கும் விசையின் அளவில், இறுக்குங்கள். மெதுவான வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டு, முதலில் செய்த அதே பதினைந்து நிமிட ஓட்டத்தை அதே சாலையில் திரும்பச் செய்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். இடது வலது நெருங்கி வந்திருந்தால் சரி. மறுநாள் லோடு ஏற்றி ஒருமுறை அளந்து பாருங்கள், நிப்பிளின் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.